இடுப்பொடிஞ்ச கத்தி

போன வருசம் ஆடி மாசம் அக்கா மகன் வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்தான். அவங்க அத்தைக்கு ஒரு கைப்பை, பிள்ளைகளுக்குச் சாக்லேட், எனக்கு ஒரு மடக்குக் கத்தி. அதைக் கையில கொடுக்கல. திண்ணையில வச்சுட்டு, "எடுத்துக்கங்க மாமா"ன்னான். எங்க பக்கம் கத்தி, அரிவாளைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம், உறவு அறுந்துடும்னு. வெளிநாடு போயும் பையன் மறக்கலையேன்னு நினைச்சேன். எடுத்ததும், "ஒரு ரூபா கொடுங்க மாமா"ன்னு கை நீட்டினான். ஐரோப்பாவுலயும் இதே பயம்தானாம். கத்தியைச் சும்மா கொடுத்தா நட்பு அறுந்துடும்னு, வாங்குறவங்க ஒரு சில்லறைக் காசு கொடுத்து அதை வியாபாரமா ஆக்கிடுவாங்களாம். சட்டைப்பையில ரெண்டு ரூபாதான் இருந்துச்சு. மீதி ஒரு ரூபா இன்னும் எனக்கு வரணும்.

கம்பெனி பேரெல்லாம் வேண்டாம். மரப்பிடி. அலகு மூணேகால் அங்குலம். கழுத்துல ஒரு இரும்பு வளையம், திருகினா அலகு பூட்டிக்கும். அலகு முதுகுல நகம் வைக்க ஒரு சின்னப் பள்ளம். மடக்கினா என் உள்ளங்கைக்குள்ள அடங்கிடும். நாலு நாள் வேலை வெட்டி இல்லாம அதைத் திறக்கிறதும் மூடறதுமா இருந்தேன். "சின்னப்புள்ளை கையில கிலுகிலுப்பை கிடைச்ச மாதிரி"ன்னு வீட்டுக்காரம்மா சொன்னாங்க.

நான் சின்ன வயசுல பார்த்த மடக்குக் கத்தின்னா ரெண்டுதான். ஒண்ணு சினிமாவுல வில்லன் பட்டனைத் தட்டினதும் 'டக்'னு வெளிய வர்றது. அது உத்தரப் பிரதேசத்துல ராம்பூர்ங்கிற ஊர்க் கொல்லர்கள் பேர் வாங்கின சரக்கு, ராம்பூரின்னே அதுக்குப் பேரு. இன்னொண்ணு பள்ளிக்கூடத்துல பென்சில் சீவ வச்சிருந்த பேனாக் கத்தி. பேனாவுக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம்னு அப்போ யோசிச்சதில்லை. இறகுல எழுதின காலத்துல வெள்ளைக்காரன் அந்த இறகு நுனியைச் சீவ வச்சிருந்த கத்தி அது, அந்தப் பேர் அப்படியே நம்ம வரைக்கும் வந்துடுச்சு. ஆனா இதுல நமக்கும் பங்கு இருக்கு. ஓலையில எழுதின நம்ம ஆளுங்க மடக்கெழுத்தாணின்னு ஒண்ணு வச்சிருந்தாங்க. ஒரு பக்கம் எழுத ஆணி, இன்னொரு பக்கம் ஓலையை நறுக்கக் கத்தி, ரெண்டும் மடங்கி நடுப்பிடிக்குள்ள போயிடும். சுவிஸ்காரர் கார்ல் எல்சனர் 1897ல காப்புரிமை வாங்கின சிவப்புக் கத்தியைத்தான் உலகமே கொண்டாடுது. மடக்கெழுத்தாணியை யாரு கண்டுபிடிச்சாங்கன்னு யாரும் எழுதி வைக்கல. இத்தனைக்கும் அது எழுதுற கருவி!

எனக்கு நிலம் பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் தாலுகாவுல. கரிசல் பூமி. சின்ன வெங்காயம், பருத்தி, மக்காச்சோளம். மாமனார் ஊரு அரியலூர் மாவட்டம் ஆண்டிமடம் பக்கம். செம்மண்ணு, முந்திரிக் காடு. நான் பிறந்தப்போ எல்லாமே திருச்சி மாவட்டம். 1995ல பெரம்பலூர் தனி மாவட்டம் ஆச்சு. 2001 ஜனவரியில அரியலூரைப் பிரிச்சாங்க, 2002 மார்ச்சுல திரும்பச் சேர்த்தாங்க, 2007 நவம்பர்ல மறுபடி பிரிச்சாங்க. மடக்குக் கத்தி மாதிரியே திறந்து மூடித் திறந்திருக்காங்க. எந்த ஆபீசுக்கு எந்த ஊருக்குப் போறதுன்னு அந்த ஆறேழு வருசம் ஜனங்க பட்ட பாடு தனிக்கதை.

கத்திக்கு முதல் வேலை வெங்காயத்துல. ஆவணியில அறுவடை. பிடுங்கி உலர்ந்த வெங்காயத்துல தாளையும் வேரையும் அரிய வந்த பொம்பளையாளுங்க பக்கத்துல நானும் உட்கார்ந்தேன். ஒரு அக்கா என் கையையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. நான் பத்து வெங்காயம் அரியறதுக்குள்ள அது ஒரு கூடையை முடிச்சிடுச்சு. "தம்பி, அது வெத்தலைக்குக் காம்பு கிள்ளத்தான் ஆகும்"னு சிரிச்சுச்சு. அது கையில இருந்தது தேய்ஞ்சு பாதியான பழைய அரிவாள். காலால பிடியை மிதிச்சுக்கிட்டு, வெங்காயத்தைத்தான் அதுமேல கொண்டுபோய் இழுக்குது. நான் கத்தியை வெங்காயத்துக்கிட்ட கொண்டு போறேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

சாயந்திரம் பார்த்தா பளபளன்னு இருந்த அலகு நீலமும் கறுப்புமாத் திட்டுத் திட்டா ஆயிருந்துச்சு. பயந்துபோய்ப் பையனுக்குப் போன் பண்ணினேன். "அது துருப்பிடிக்காத எஃகு இல்லை மாமா, சாதா கரிம எஃகு. வெங்காயத்துல இருக்கிற கந்தகம் பட்டா அப்படித்தான் ஆகும். அந்தக் கறுப்பைத் தேய்க்காதீங்க, அதுதான் சிவப்புத் துருவை அண்ட விடாம வைக்கும்"னான். யோசிச்சுப் பார்த்தா எங்க அப்பாவோட கொடுவாளும் கறுப்புதான். அது பளபளன்னு இருந்து நான் பார்த்ததே இல்லை.

அடுத்து நான் செஞ்சது முட்டாள்தனம். எங்களுக்குப் பக்கத்துலதான் சாத்தனூர் கல்மரம். சுமார் 12 கோடி வருசத்துக்கு முந்தி இங்க கடல் இருந்தப்போ அடிச்சிட்டு வந்து படிஞ்சு கல்லாப் போன மரம். 18 மீட்டர் நீளம். 1940ல எம்.எஸ். கிருஷ்ணன்ங்கிற நிலவியல் அறிஞர் கண்டுபிடிச்சது. சாத்தனூரு, காரை, குளக்காநத்தம் பக்கமெல்லாம் நிலவியல் படிக்கிற பிள்ளைங்க பஸ் பஸ்ஸா வருவாங்க. அப்படி வந்த ஒரு வாத்தியார் ஓடைக்கரையில பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திட்டு இருந்தாரு. நகத்தோட கடினம் ரெண்டரை, சுண்ணாம்புக் கல் மூணு, கத்தி அஞ்சரை வாக்குல, கல்மரம் ஏழு. கத்தி சுண்ணாம்புக் கல்லைக் கீறும், கல்மரம் கத்தியைக் கீறும். ஒரு பேனாக் கத்தி பையில இருந்தா பாதி நிலவியல் தெரிஞ்சிடும்னாரு. என் பையிலயும்தான் ஒண்ணு இருக்கே! அவங்க பஸ் கிளம்பினதும் ஓடையில கிடந்த ரெண்டு கல்லை எடுத்தேன். (பூங்காவுக்குள்ள வேலி போட்டிருக்கிற மரத்துல யாரும் கை வைக்கக் கூடாது. நான் சொல்றது வெளியில கிடந்த துண்டு.) வெளிறின கல்லுல இழுத்தேன், வெள்ளைக் கோடு விழுந்துச்சு. பழுப்புத் துண்டுல இழுத்தேன். கல்லு மேல இரும்பு கரைஞ்சு ஒரு சாம்பல் கோடு. கத்தி முனை மழுங்கிப் போச்சு. வாத்தியார் சொன்னது முழுக்க உண்மை.

மழுங்கின கத்தியை எடுத்துக்கிட்டு ஆசாரிகிட்டப் போனேன். எங்க சுத்துப்பட்டுல உலை மூட்டுற கடைசி ஆளு அவருதான். முன்னெல்லாம் வருசத்துக்கு இத்தனை மரக்கா சோளம்னு கூலி, குடியானவனோட இரும்பு வேலை எல்லாம் அவங்க பொறுப்பு. இப்போ அவரு மகன் ரோட்டோரத்துல வெல்டிங் பட்டறை வச்சிருக்கான். இவரு பின்னாடி ஒரு சின்னக் கொட்டாயில லாரிப் பட்டையை அடிச்சு அரிவாள் பண்றாரு. லாரிக்கு அடியில வில்லு மாதிரி வளைஞ்சிருக்குமே, அந்தப் பட்டைதான். கொடுவாளுக்கு அதைவிட நல்ல இரும்பு கிடையாதும்பாரு.

கத்தியை வாங்கித் திறந்தாரு. விரல் நகத்தால அலகைச் சுண்டிக் காதுகிட்ட வச்சாரு. "இரும்பு நல்ல இரும்புதான் தம்பி"ன்னாரு. அப்புறம் மடக்கினாரு, திறந்தாரு, மறுபடி மடக்கினாரு. "ஆனா இடுப்பொடிஞ்சது. அரிவாள்னா அலகோட வாலு பிடிக்குள்ள முழுசா இறங்கி இருக்கணும். இதுல ஒரு ஆணிதான் நடுவுல தாங்குது. இதை நம்பி பலம் போடாத. குத்தாத, நெம்பாத, இழுத்து மட்டும் அறு."

தீட்டவும் கத்துக்கொடுத்தாரு. தண்ணியில ஊறின கல்லு. அலகைக் கல்லுல படுக்க வச்சு, முதுகுப் பக்கம் மூணு ஒத்தை ரூபாக் காசு அடுக்குற உசரத்துக்குத் தூக்கி, அதே சாய்வு மாறாம இழுக்கணும். "சாய்வு மாறிச்சுன்னா நாள் பூரா தேய்ச்சாலும் பதம் ஏறாது, இரும்புதான் குறையும்." ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க அடுத்த பக்கம் மெலிசா பிசிறு மடியும். கண்ணுக்குத் தெரியாது, பெருவிரலைக் குறுக்கால வருடினா நகத்துல சொரசொரன்னு மாட்டும். அது வந்தப்புறம்தான் பக்கம் மாத்தணும். நான் இத்தனை வருசமா ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி இஷ்டத்துக்குத் தேய்ச்சுக்கிட்டு இருந்திருக்கேன். கடைசியா தோல் செருப்போட உள்பக்கத்துல பத்து இழுப்பு. முன்கை முடியைத் தொட்டா வழிச்சிட்டு வந்துடுச்சு. காசு வாங்க மாட்டேன்னுட்டாரு. "இதுக்கெல்லாம் காசு வாங்கினா அரிவாளுக்கு மரியாதை இல்லை"ன்னாரு. அது பாராட்டா கேலியான்னு இன்னும் புரியல.

அதுக்கப்புறம் கத்தி என் உடம்போட ஒண்ணாயிடுச்சு. சொட்டுநீர்க் குழாய் வெட்ட, உர மூட்டைத் தையல் பிரிக்க, வேப்பங்குச்சி ஒடிக்க, கொய்யா நறுக்க. ஆண்டிமடத்துல மச்சான் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலைய ரக முந்திரி ஒட்டுக்கன்னு புதுசா நட்டிருந்தாரு. அங்கதான் அது அசல் வேலை பார்த்துச்சு. ஒட்டுக் கட்டின இடத்துல பிளாஸ்டிக் நாடா சுத்தியிருப்பாங்க. ஒட்டுச் சேர்ந்தப்புறமும் அதை எடுக்கலைன்னா தண்டு பருக்கப் பருக்க நாடா கழுத்தை இறுக்கிடும். பட்டையில கீறல் படாம நாடாவை மட்டும் கீறணும். ஒட்டுக்குக் கீழே நாட்டுச்செடி பக்கத்துல துளிர் விட்டா அதையும் உடனே சீவணும். விட்டா கீழத்துளிர் முந்திக்கிட்டு மேல ஒட்டினதைப் பட்டினி போட்டுடும். அன்னைக்கு முப்பது கன்னு பார்த்தோம். கொடுவாளை வச்சு இந்த வேலை செய்ய முடியாது. "எனக்கும் ஒண்ணு வாங்கியாரச் சொல்லுங்க மச்சான்"னு அவரு கேட்டப்போ கத்தியை நானே உலையில வச்சு அடிச்ச மாதிரி ஒரு பெருமை.

டவுனுக்குப் போறப்பதான் தொந்தரவு. ஒரு திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு மனு கொடுக்கப் போனேன். வாசல்ல போலீஸ்காரங்க எல்லார் பையையும் பார்ப்பாங்க, மண்ணெண்ணெய் எதுவும் இருக்கான்னு. என் சட்டைப்பை ஞாபகத்துக்கு வந்து, எதிர்த்த டீக்கடைக்காரர்கிட்ட கொடுத்துட்டுப் போனேன். அவரு கல்லாப்பெட்டிக்குள்ள வச்சுக்கிட்டு, "அண்ணே, பார்த்தா அப்படித் தெரியலையே"ன்னாரு. வந்து விசாரிச்சேன். 1959 ஆயுதச் சட்டத்தோட விதிகள் பெருசா கண்ணு வைக்கிறது ஒம்போது அங்குலத்துக்கு மேல நீளமோ ரெண்டு அங்குலத்துக்கு மேல அகலமோ இருக்கிற அலகை. வீட்டு வேலை, விவசாய வேலைக்குன்னு செஞ்சதுக்கு அதுலயும் விலக்கு இருக்கு. சட்டப்படி என் கத்தி ஒரு பொருட்டே இல்லை. ஆனா மூணடி அரிவாளை சைக்கிள் கேரியர்ல கட்டிக்கிட்டு ஊர் பூரா சுத்தலாம், விவசாயின்னுதான் சொல்வாங்க. மூணங்குலக் கத்தி சட்டைப்பையில இருந்தா ரவுடியான்னு பார்ப்பாங்க.

ஆயுத பூஜை வந்துச்சு. மண்வெட்டி, களைக்கொத்து, கடப்பாரை, அப்பாவோட கொடுவாள் எல்லாத்தையும் கழுவிச் சந்தனம், குங்குமம் வச்சோம். வரிசைக்கு முன்னாடி மடக்குக் கத்தி. பூஜை முடிஞ்சு பொருளெல்லாம் எடுத்து வைக்கும்போது கொடுவாளை மோட்டார் கொட்டாயில கொண்டுபோய்ப் போட்டேன். அங்கதான் தப்புப் பண்ணினேன்.

அப்பா இருந்த வரைக்கும் மாட்டுக் கொட்டாய் கூரைதான். நுழையிற இடத்துல வலது பக்கம் எரவாணத்துல கொடுவாள் செருகியிருக்கும். நகரத்துல இருக்கிறவங்களுக்கு எரவாணம் தெரியாம இருக்கலாம். கூரை தாழ்ந்து வந்து முடியற இடத்தோட உள்பக்கம், கை எட்டற உசரம். கதிரரிவாள், கோவணத் துணி, பீடிக்கட்டு, ரேசன் கார்டு எல்லாம் அங்கதான் இருக்கும். கும்மிருட்டுலயும் அப்பா கையை உசத்தினா பிடி கைக்கு வரும். கூரையைப் பிரிச்சு நான் தகரம் போட்டப்போ எரவாணம் போச்சு. ஆனாலும் ஒரு கம்பியை வளைச்சு அதே இடத்துல கொடுவாளை மாட்டி வச்சிருந்தேன். சட்டைப்பையில எப்பவும் ஒரு கத்தி இருக்கேன்னுதான் அன்னைக்கு அதை எடுத்துட்டேன்.

ஐப்பசி கடைசி. மத்தியானம் பிடிச்ச மழை விடல. வரப்பு உடைஞ்சு வெங்காயத்துல தண்ணி நின்னுச்சு. இருட்டுற வரைக்கும் மடை வெட்டி விட்டுட்டு, நனைஞ்ச சட்டையோடவே வீட்டுக்கு வந்தேன். ராத்திரி பத்து மணி இருக்கும், கொட்டாய்ப் பக்கம் ஒரு சத்தம். மாடு கத்தற சத்தம் இல்லை. தொண்டை அடைச்சு இழுக்கிற மாதிரி. ஆணியில கிடந்த அதே சட்டையைப் போட்டுக்கிட்டு ஓடினேன்.

தலைச்சன் கிடேரி. கடன் வாங்கிப் பிடிச்சது, அஞ்சு மாசச் சினை. சேத்துல கால் வழுக்கிச் சரிவுல விழுந்திருக்கு. தலை பள்ளத்துல, உடம்பு மேட்டுல. நைலான் கயிறு தறியைச் சுத்திக் கழுத்துல இறுகி, உடம்பு எடை மொத்தமும் அந்த முடிச்சு மேல. அந்தக் காலத்துப் புளிச்சை நார்க் கயிறா இருந்தா இந்த எடைக்கு அறுந்திருக்கும். நைலான் அறாது, நனைஞ்ச முடிச்சு அவிழவும் அவிழாது. நாக்கு வெளிய தள்ளியிருந்துச்சு. வயிறு உப்ப ஆரம்பிச்சிடுச்சு.

சட்டைப்பையில கையை விட்டேன். கத்தி இருந்துச்சு. வளையத்தைத் திருகினேன். நகத்தைப் பள்ளத்துல வச்சு இழுத்தேன், வரல. சேத்துக் கையி, வழுக்குது. லுங்கியில துடைச்சிட்டு மறுபடி இழுத்தேன். பெருவிரல் நகம் பாதி பிய்ஞ்சுது, அலகு ஒரு நூலு அசையல. மத்தியானத்திலிருந்து ஈரத்துல ஊறி மரப்பிடி உப்பி அலகைக் கவ்விப் பிடிச்சிருக்கு. இதெல்லாம் அப்புறம் புரிஞ்சது. அப்போ எனக்குத் தெரிஞ்சது, கையில கத்தி இருக்கு, அது கத்தியா இல்லைங்கிறதுதான். பல்லால கடிச்சு இழுத்தேன். பழக்கதோஷத்துல வலது கை மேல கம்பிக்குப் போச்சு. அங்க ஒண்ணும் இல்லை. மோட்டார் கொட்டாய் அரைப் பர்லாங்கு தள்ளி.

கத்தியைச் சேத்துல எறிஞ்சுட்டு, கிடேரியோட தலையை மடியில தூக்கிப் பிடிச்சேன், கயிறு கொஞ்சமாவது தளரட்டும்னு. பேரைச் சொல்லிக் கத்தினேன்னு நினைக்கிறேன். கல்யாணமாகி இத்தனை வருசத்துல வீட்டுக்காரம்மாவை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்னைக்குத்தான். ஒரு கையில டார்ச்சு, இன்னொரு கையில அடுப்படிக் கத்தி. நீலப் பிளாஸ்டிக் பிடி, சந்தையில இருபது ரூபாய்க்கு வாங்கினது. "நகருங்க"ன்னாங்க. நாலே இழுப்பு. கயிறு 'பட்'னு தெறிச்சுது.

கொஞ்ச நேரம் ஒண்ணும் நடக்கல. ரெண்டு பேரும் அதோட விலாவைப் பார்த்துக்கிட்டு மழையில உட்கார்ந்திருந்தோம். அப்புறம் ஒரு பெரிய மூச்சு இழுத்துச்சு. இன்னொண்ணு. காலை மடக்கி உட்கார வச்சோம், பொழுது விடியறப்பத்தான் எழுந்து நின்னுச்சு. மறுநாள் டாக்டர் வந்து கையைவிட்டுப் பார்த்துட்டு, கன்னு நல்லாத்தான் இருக்குன்னாரு. அவரு போனப்புறம்தான் எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சுது.

கத்தியை ரெண்டு நாள் நான் தேடவே இல்லை. சாணி அள்ளும்போது வீட்டுக்காரம்மா எடுத்துக் கழுவித் திண்ணையில வச்சிருந்தாங்க. பையனுக்குப் போன் பண்ணித் திட்டலாம்னுதான் கூப்பிட்டேன். பொறுமையாக் கேட்டுட்டு, "மாமா, வளையத்தைத் திறந்துட்டு, பிடியோட வால்பக்கத்தைக் கல்லுல ஓங்கி ஒரு தட்டு தட்டுங்க"ன்னான். தட்டினேன். பிடிக்குள்ளிருந்து அலகோட முதுகு ஒரு விரல் அகலம் எம்பி வெளிய வந்துச்சு. அவ்வளவுதான் விசயம். மரப்பிடிக் கத்தி வச்சிருக்கிற அந்த ஊர்க் குடியானவங்க எல்லாருக்கும் தெரியுமாம். "இதை ஏன்டா அன்னைக்கே சொல்லல?" "நீங்க கேட்கலையே மாமா."

உப்புத்தாளைக் குச்சியில சுத்திப் பிடியோட இடுக்கை ஒரு மயிரிழை தேய்ச்சேன். தேன்மெழுகை உருக்கி இடுக்குலயும் ஆணியைச் சுத்தியும் விட்டேன். ஒரு ராத்திரி பூரா வாளித் தண்ணியில போட்டு வச்சுட்டு, விடிகாலையில விளக்குப் போடாம எடுத்துத் திறந்து பார்த்தேன். இறுக்கமா இருந்துச்சு, ஆனா ஒரே தட்டுல வந்துச்சு. கொடுவாளைப் பழையபடி கம்பியில மாட்டினேன். கிடேரிக்கு நைலான் கயிறை மாத்திப் பருத்திக் கயிறு போட்டாச்சு.

மாசி மாசம் காளைக்கன்னு போட்டுச்சு. சீம்பால் காய்ச்சி ஆசாரி வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன். நேத்து சாயந்திரம் சட்டைப்பையில கையை விட்டா கத்தியைக் காணோம். கொட்டாய், மோட்டார் ரூம், வண்டிப் பெட்டி எல்லாம் தேடிட்டு அடுப்படிக்கு வந்தேன். வீட்டுக்காரம்மா அதை வச்சு முருங்கைக்காய் நறுக்கிக்கிட்டு இருந்தாங்க. "உங்க நீலக் கத்தி எங்க?"ன்னேன்.

"அது கொட்டாயில, கொடுவாளுக்குப் பக்கத்துல மாட்டியிருக்கேன். எடுத்துட்டு வந்துடாதீங்க"ன்னாங்க.